தின்னாத ஜாங்கிரிக்குத் தண்டனை

"ஊதுங்க" என்றாள் கிரேஸ்.

சேலையூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நான். உள்ளே, தாழ்ப்பாளில் கை வைத்தபடி என் மனைவி. செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு கட்டு கொத்தமல்லி.

"என்னத்த ஊதறது?"

"வாயை. நல்லா திறந்து ஊதுங்க."

ஊதினேன். எட்டி மோந்து பார்த்தாள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், கையில் பிழிந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலக்காய் வாசனை வருது."

"டீல ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தான்."

"சர்க்கரை இல்லாத டீல எவன் ஏலக்காய் போடுவான்? ஜாங்கிரியா, பாதுஷாவா? அத மட்டும் சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குடிக்காதவன் நான். சிகரெட் பிடித்ததில்லை. சர்ச் கமிட்டியில் இரண்டு தடவை இருந்தவன். அப்பேர்ப்பட்ட ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெற்று உட்கார்ந்த வயதில், பட்டப்பகலில், தெருவே பார்க்க, ஒரு ஜாங்கிரிக்காக வாயை ஊதிக் காட்டினேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது மடல் சூடாகிறது.

நான் ஜாங்கிரி தின்னவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு துண்டு இனிப்பு என் நாக்கில் பட்டதில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும், "சரி சார், சரி சார்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சோதித்தவனுக்குச் சோதனை

நான் பார்த்த வேலையைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். பரீட்சை நாட்களில் ஹாலுக்குள் நுழைந்து பிட் பிடிப்பது என் பொறுப்பு. சட்டைக் கையின் மடிப்பில், செருப்புக்குள், பேனா மூடிக்குள் என்று எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவேன். பசங்க எனக்கு வைத்த பட்டப்பெயர் இந்த வார இதழில் அச்சேறக்கூடியது அல்ல.

ஒரு பையனை நினைவிருக்கிறது. அவன் பெஞ்சுக்கு அடியில் பிட் கிடந்தது. "சார், அது என்னுது இல்ல சார். காலையில வேற பரீட்சை நடந்துச்சு சார்" என்றான். கெஞ்சவில்லை, நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். எல்லாரும் சொல்வதுதானே என்று பேப்பரை வாங்கி வெளியே அனுப்பிவிட்டேன். கையெழுத்தை ஒத்துப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை.

அவனை அப்புறம் நான் பார்த்ததில்லை. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், உண்மையைச் சொல்லியும் எடுபடாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரியாமலே ரிட்டயர்டும் ஆகிவிட்டேன்.

நாக்கை அடக்குங்க சார்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேம்ப் ரோடு பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போவோம். டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். கிரேஸைப் பார்ப்பார். பிறகு அவளிடம்தான் பேசுவார்.

"போன தடவையைவிட ஏறியிருக்கே மேடம். சார் வெளியில ஏதாவது எடுத்துக்கிறாரா?"

"டாக்டர், வீட்டுல அரிசியே கம்மி பண்ணிட்டேன். காலையில ராகிக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி. கோதுமை வாங்கிக் கழுவிக் காயவச்சு நானே அரைச்சிட்டு வரேன். இதுக்கு மேல நான் என்ன பண்றது?"

"நீங்க கரெக்டா பண்றீங்க மேடம். சார்தான் நாக்கை அடக்கணும்."

"டாக்டர், நான் இனிப்பே தொடறதில்ல" என்பேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார்." சிரிப்பார். மாத்திரையைக் கூட்டி எழுதுவார். "இப்படியே போனா அடுத்து ஊசிதான், பாத்துக்கோங்க."

ஊசிக்கு எனக்குப் பயமில்லை. தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நான் செய்த திருட்டுக்குத் தண்டனை மாதிரி அதைச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடாதவனை எப்படி ஐயா திருந்தச் சொல்வீர்கள்?

ஊரறிந்த ரகசியம்

வீட்டுக்குள் இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். அது வெளியே போனது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் கிரேஸ் எழுந்து நின்று, என் பெயரைச் சொல்லி, நான் இனிப்பின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையடைய ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நோய் குணமாக அல்ல. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், மனசைத் தளர விடாதீங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பாக்கு போட்டுட்டிருந்தார்" என்கிறார்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

அதற்கும் மேலே, முடிச்சூரில் மச்சினன் மகள் கல்யாணம். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவன் என் இலைக்கு முன்னால் நின்று, என் முகத்தைப் பார்த்து, வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். போனது சரி. போகிற போக்கில் அடுத்தவரிடம் சொல்கிறான்: "இவருக்கு ஊத்தக்கூடாதுன்னு அக்கா ஸ்ட்ரிக்டா சொல்லிக்கீறாங்க சார். கேட்டாலும் ஊத்தக் கூடாதாம்."

நான் கேட்கவே இல்லையே! கேட்கும் உத்தேசமும் இல்லையே! பக்கத்து இலைக்காரர் என் தொடையைத் தட்டி, கண்ணடித்து, தன் பாயச டம்ளரை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். அனுதாபமாம். எழுந்து கை கழுவப் போய்விட்டேன். மோர் சோறு சாப்பிடவில்லை.

அன்று திரும்பி வரும்போது, பெருங்களத்தூர் தாண்டியதும் நான் கேட்டேன்: "கிரேஸ், முப்பத்தஞ்சு வருஷத்துல நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல. அதனாலதாங்க எனக்குப் பயமா இருக்கு. இவ்வளவு நல்லா மறைக்கிறீங்களே" என்றாள். அவளுடைய அப்பா கால் விரலில் ஆரம்பித்து முழங்கால்வரை இழந்த பிறகு, கடைசிவரை தலையணைக்கு அடியில் கடலை மிட்டாய் வைத்திருந்தவர். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

பச்சை நிறப் பாக்கெட்டுகள்

அவள் சும்மா இருக்கவில்லை. என்னைத் திருத்த முடியாவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையாவது இன்னும் சுத்தமாக்குவது என்று கிளம்பினாள். வீட்டுக்குப் பாக்கெட்டுகள் வரத் தொடங்கின. எல்லாம் பச்சை நிறம், எல்லாவற்றின் மேலும் ஒரு கதிர் படம். தானிய பிஸ்கட். தானிய ரஸ்க். பழுப்பு நிறப் பிரெட்.

எனக்குப் பொழுது நிறைய. பூதக்கண்ணாடி வைத்து, பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். பிஸ்கட்டில் முதலில் நிற்பது மைதா. ரஸ்க்கிலும் மைதா. பிரெட்டின் பழுப்பு, நிறம் சேர்த்து வந்த பழுப்பு. முன்பக்கம் கொட்டை எழுத்தில் பீற்றிக்கொண்ட சாமையும் வரகும் தினையும் வரிசையின் கடைசியில், ஊறுகாய் மாதிரி. சாமை அரிசி என்று வாங்கினாளே, அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொன்னி அரிசி தோற்றது. அவ்வளவு வெள்ளை. தோலை உரித்துத் தீட்டிவிட்டு அதற்குச் சிறுதானியம் என்று மரியாதை வேறு.

நோயாளியின் பயத்தில் வியாபாரம் செய்கிறவனுக்கு வாயை ஊதிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. எனக்குத்தான் அந்தப் பாக்கியம்.

மாட்டுக்குப் போன சத்து

எங்களுக்குப் பால் ஊற்றுகிற தனம், செம்பாக்கத்தில் மூன்று மாடு வைத்திருக்கிறாள். பால் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் காய்கறித் தோலையும் ஒரு பிளாஸ்டிக் வாளித் தவிட்டையும் எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் காலை அவள் வந்தபோது கிரேஸ் வராந்தாவில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

கிரேஸ் மாவு சலிப்பது பார்க்கவேண்டிய காட்சி. மில்லில் "நல்லா நைசா" என்று இரண்டு ஓட்டம் ஓடவிட்டு வாங்கி வருவாள். அதை முதலில் எவர்சில்வர் சல்லடையில் சலிப்பாள். பிறகு என்னுடைய பழைய மல் வேட்டியைப் பாத்திரத்தின் வாயில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் மாவைப் போட்டு உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இறக்குவாள். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச ராகி சலிப்பதுபோல. ராகிக்கும் அதே, கோதுமைக்கும் அதே. கீழே இறங்குவது முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி இருக்கும். அவள் சப்பாத்தியின் மென்மைக்குச் சேலையூரில் பெயர் உண்டு.

தனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாக்கா, சாருக்கு சுகர் ஏறிக்கினே போவுதுன்னு சொன்னியே, இப்பவும் அப்டியேதான் கீதா?"

"ஆமா தனம். என்ன செஞ்சும் குறையல."

"எப்டிக்கா குறையும்? தோலு, தவுடு எல்லாத்தையும் வழிச்சு என் மாட்டுக்குக் குடுத்துர்ற. என் மாடு சும்மா கும்முனு கீது. நீ சாருக்கு வெறும் மாவ கரைச்சுக் குடுத்துக்கினு கீற. பேசாம சார என் வூட்டு மாட்டுக் கொட்டாய்ல கட்டிடு, ரெண்டு மாசத்துல சரியாப் பூடும்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கிரேஸ் வேட்டித் துணியில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் யார் தெரியுமோ? இருபத்தெட்டு வருஷம் தொடக்கப்பள்ளியில் அறிவியல் நடத்திய டீச்சர். முழுத் தானியம், அதன் மேல்தோல், அதில் நார்ச்சத்து என்று கரும்பலகையில் கோதுமை மணியைப் பெரிதாக வரைந்து பாகம் குறித்தவள். வருஷா வருஷம் அதே படம்.

"நார் செரிக்காது" என்றாள் மெல்ல, யாருக்கோ பாடம் சொல்வதுபோல. "அது வயித்துல இருக்கறதால மாவு சீக்கிரம் கரையாது. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல சேரும். நாரை எடுத்துட்டு, நைசா வேற அரைச்சா... ஐயோ. ஏங்க, நான் உங்களுக்குச் சர்க்கரைய வடிகட்டி இல்ல குடுத்திருக்கேன்."

குதிக்க வேண்டிய நேரம். குதித்தேன். இத்தனை மாதம் சேர்த்து வைத்த அத்தனையையும் கொட்டினேன். ஜெபக்கூட்டம், பாயச வாளி, டாக்டரின் சிரிப்பு, எதிர் வீட்டு அம்மாளின் ஈரத் துண்டு, ஒன்று விடவில்லை. வாசல் தாண்டிக் கேட்டிருக்கும்.

அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முதல் நாள் சலிக்காமத்தான் போட்டேன். தொண்டையை அறுக்குது, சாக்கைத் தின்னற மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளினது யாரு?"

அது நான்தான்.

இரண்டு வகைச் சப்பாத்தி

அடுத்த சில நாட்களை எங்கள் வீட்டில் பரீட்சை நாட்கள் என்றே சொல்ல வேண்டும். ஒருநாள் சலித்த மாவு, மறுநாள் சலிக்காத மாவு. அதே எண்ணிக்கைச் சப்பாத்தி, அதே கூட்டு, அதே நேரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலிருந்த சின்ன மெஷினில் விரலைக் குத்திப் பார்ப்பது. கிரேஸ் ரூல் போட்ட நோட்டில் எழுதினாள். என் இரண்டு கையிலுமாக எட்டு விரலில் புள்ளி விழுந்தது.

எண்களை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பத்துப் பேர் போன் செய்து கஷாயம் சொல்வார்கள். சலிக்காத நாட்களில் குறைவாக இருந்தது, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவாக. இது ஒரு உடம்பு, ஒரு வீட்டு அடுப்பு. இதை வைத்து ஊருக்கு வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. தவிடு தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்கு என் பெயரை இழுக்காதீர்கள். மாத்திரையை நான் ஒரு வேளைகூட விடவில்லை. எண்ணிக்கையிலும் ஒரு சப்பாத்தி பிறகு குறைந்தது.

சலிக்காத சப்பாத்தி தொண்டையை அறுக்கத்தான் செய்தது. வாயைத் திறக்காமல் மென்று விழுங்கினேன். மில்லில் "நைசா வேண்டாம், ஒரே ஓட்டம் போதும், கொரகொரன்னு இருக்கட்டும்" என்று கிரேஸ் சொன்னபோது, மில்காரர் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். ராகிக் கஞ்சியை நிறுத்திவிட்டு, சலிக்காத ராகி மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினாள். வயிறு நிறைந்தது. பதினொரு மணிக்கு வரும் அந்த அசுரப் பசி வரவில்லை. தனம்தான் காலி வாளியைப் பார்த்து முணுமுணுத்தாள். "சும்மா இருந்த வாய கெடுத்துக்கினேனே" என்றாள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. மாவு மாறியது. மெஷின் எண் மாறியது. ஜெபக்கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பிரதருக்கு விடுதலை கிடைச்சிடுச்சுன்னு எல்லாரும் சாட்சி சொல்றாங்க" என்றாள் கிரேஸ், தலையைக் குனிந்துகொண்டு. அதாவது நான் தின்றுகொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். கதை அப்படி முடிந்துவிட்டது. என் மேல் போட்ட கறை, துவைத்த கறையாகி நின்றது.

அந்த ஒரு வரி

மூன்று மாதம் கழித்து கிளினிக். டாக்டர் தாளைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"வெரி குட் சார்! நல்லா குறைஞ்சிருக்கு. பாத்தீங்களா, ஸ்வீட்டை விட்டதும் எப்படி இறங்குது! நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது? எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டைப் பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

கிரேஸ் எழவில்லை.

"டாக்டர், அவர் ஸ்வீட்டை விடல."

"என்னது? இன்னும் சாப்பிடறாரா?"

"விடறதுக்கு அவர் சாப்பிட்டாத்தானே? அவர் ஒருநாளும் தின்னல டாக்டர். தப்பு என் மாவுல இருந்தது." நோட்டை எடுத்து மேஜை மேல் விரித்தாள். சலித்த நாள், சலிக்காத நாள், நேரம், எண். டாக்டர் முதலில் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக. "நைஸ் மாவா? துணியில சலிச்சா?" என்று கேட்டார். "நான் இதைக் கேட்டிருக்கணும் மேடம்" என்றார். அதுவரை அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம்.

கிரேஸ் அதோடு விடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் திறந்திருந்த என் ஃபைலை, தலைகீழாகவே படித்தாள். பிள்ளைகள் நோட்டைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண்.

"அதுல என்ன எழுதியிருக்கீங்க? உணவுக் கட்டுப்பாடு இல்லைன்னா?"

"அது பழைய விசிட்ல எழுதினது மேடம். ரொட்டீன்தான்."

"அதை அடிங்க டாக்டர்."

"மேடம், அது சும்மா ஒரு நோட்டு..."

"அவர் பேர்ல இருக்கு. பொய்யா இருக்கு. நான் சொல்லித்தானே எழுதுனீங்க? இப்பவும் நான்தான் சொல்றேன். அடிங்க."

டாக்டர் அவளையும் என்னையும் பார்த்தார். இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டார்.

"பக்கத்துல தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் கிரேஸ்.

போட்டார். "சாரி சார்" என்றும் சொன்னார்.

வெளியே கேம்ப் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனை அழுத்தியபடி போய்க்கொண்டிருந்தன. ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்க எனக்கு இரண்டு தடவை ஆயிற்று. கிரேஸ் என் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அழறீங்களா?"

"சேச்சே. தூசி விழுந்துடுச்சு."

"பொய்" என்றாள்.

அந்த ஒரு தடவை அவள் சொன்னது சரி.